எந்தச் சூட்டுக்கும் அசையாத பதின்மூன்று

பேராசிரியர் சேஷகிரிக்கு மேடை ஏறினால் ஒரே பல்லவிதான். "பிளாஸ்டிக்லேர்ந்து கரன்ட்!" என்பார். கண்ணாடித் தகட்டின்மேல் மயிரிழையைவிட மெல்லிசாகப் பாலிமர் கலவையைப் பூசி வெயிலில் காட்டினால் மின்சாரம் வரும். வரத்தான் வந்தது. உச்சி வெயிலில் ஒரு கால்குலேட்டரை ஓட்டலாம், அதிலும் கூட்டல் மட்டும் போட்டால் நல்லது.

கலவையில் இரண்டு சரக்கு. இரண்டும் பத்துப் பதினைந்து நானோமீட்டர் திட்டுகளாகப் பிரிந்து நின்றால்தான் மின்சாரம் ஒழுங்காக வரும். அவ்வளவு சின்னத் திட்டைக் கண்ணால் பார்க்க முடியுமா? எக்ஸ்ரே கதிரை உள்ளே விட்டு, அது எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்துத்தான் அளவைக் கணக்குப் போட வேண்டும். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து வருஷமாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவள் பவுலின். கோலார் தங்கவயல் பெண். சுரங்கத்தை மூடியதும் குடும்பத்தோடு விவேக் நகருக்குக் குடிவந்தவள்.

கண்ணாடி எக்ஸ்ரேயை விழுங்கிவிடும் என்பதால், அதன்மேல் பூசிய படலத்தைச் செல்லோடேப்பால் உரித்தெடுத்து டேப்போடு மெஷினில் வைப்பது வழக்கம். சேஷகிரியே கண்டுபிடித்த சிக்கன முறை. வைத்ததும் கிராஃபில் அழகாக ஒரு மேடு எழும்பும். அளவு பதின்மூன்று நானோமீட்டர். படலத்தைச் சுட்டால் திட்டின் அளவு மாறியாக வேண்டும். இங்கேயோ நூற்றிருபது டிகிரியில் சுட்டாலும் பதின்மூன்று, நூற்றைம்பதில் சுட்டாலும் பதின்மூன்று, சுடாமலே விட்டாலும் அதே பதின்மூன்று! 'எந்தச் சூட்டுக்கும் அசையாத அமைப்பு' என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரையே வந்துவிட்டது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி வேண்டாமா? மூன்று நிபுணர்கள் படித்துப் பார்த்து, 'பிரமாதம்' என்று எழுதியிருந்தார்கள்.

கட்டுரையில் சேஷகிரியின் பெயர் முதலில், பவுலின் பெயர் இரண்டாவது. "அடுத்ததுல உன் பேர்தாம்மா முதல்ல" என்றார். அவளுக்கு அதுதான் உயிர் போகிற விஷயம். 2007 டிசம்பருக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பிஎச்.டி. பதிவு ரத்து. தீசிஸ் கொடுக்க வேண்டுமானால் முதல் பெயராக ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது கட்டுரையையும் இதே பதின்மூன்றை வைத்து எழுதி முடித்தாகிவிட்டது. ஒரே ஒரு அளவு பாக்கி.

அந்த அளவுக்கான நாளில், படலங்கள் இருந்த டப்பாவைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஐயோ, என்னா மேடம் நீங்க" என்றார் மெஷினை ஓட்டும் தாஸ். அல்சூர்க்காரர். "இந்த ஸ்லாட்ட உட்டா இன்னும் மூணு வாரம் ஆவும். சும்னே காலியா போட்டா கேள்வி கேப்பாங்க. கைல டேப் இருக்குல்ல? அதையாவது வைங்க, மெஷினு நல்லாக்கீதான்னு பாத்துக்கலாம்."

வெறும் டேப்பை ஒருநாளும் வைத்ததில்லை. "டேப்ல என்ன இருக்கு? அதுக்கெல்லாம் மெஷின் டைமை வேஸ்ட் பண்ணாதே" என்பது சேஷகிரியின் ஆணை. பவுலின் வைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"மேடம், உங்க சோலார் செல் வந்துடுச்சு" என்றார் தாஸ்.

"நான்தான் எதுவுமே வைக்கலையே!"

"அதத்தான் நானும் பாக்குறேன்."

மேடு எழும்பி நின்றது. பதின்மூன்று. டேப்பும் பிளாஸ்டிக்தானே, அதற்குள்ளும் அடுக்கடுக்காக ஒழுங்கு உண்டு. படலத்தைச் சுட்டு முடித்த பிறகுதான் டேப்பை ஒட்டுவார்கள். அடுப்பையே பார்க்காத டேப் எந்தச் சூட்டுக்கு அசையும்? மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று தங்கவயலில் பிறந்தவளுக்குத் தெரியாதா? பவுலினுக்கு அவமானத்தில் காது சுட்டது.

"டிலீட் பண்ணிடவா மேடம்? எதுக்கு பேஜாரு" என்றார் தாஸ். வேண்டாம் என்றாள்.

சேஷகிரி பழைய கிராஃபையும் வெறும் டேப்பின் கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டேப்ல பழைய படலம் ஏதாவது ஒட்டியிருக்கும்."

"புது ரோல் சார். காலைலதான் பிரிச்சேன்."

"அப்ப மெஷின்ல கோளாறு."

"டேப்பை எடுத்துட்டா மேடு இல்ல சார். அதையும் பார்த்துட்டேன்."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இதோ பாரு பவுலின். பாக்கி அளவு இல்லாட்டாப் பரவாயில்ல, உன் பேப்பரை அனுப்பு. டிகிரியை வாங்கு. உண்மை எங்கயும் ஓடிப்போயிடாது, அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. கட்டுரையோடு அனுப்ப வேண்டிய கடிதத்தைத் தட்டச்சே செய்துவிட்டாள். அப்போதுதான் புதிதாகச் சேர்ந்த வீணா ஒரு டேப் ரோலோடு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கும் இந்தப் பதிமூணுதான் டாபிக். சார் குடுத்துட்டார். அஞ்சு வருஷத்துல முடிச்சுடலாமாம். டேப் ஒட்றது எப்படின்னு சொல்லிக் குடுங்கக்கா."

அந்தப் பெண்ணின் முகம் முழுக்கச் சந்தோஷம். இன்னொரு ஐந்து வருஷமா? எழுதி வைத்த கடிதத்தை அழித்தாள். முதல் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு வேறு கடிதம் எழுதினாள். வெளிவந்த கட்டுரை தவறு, அந்த மேடு டேப்புடையது, ஆதாரம் இணைப்பில் என்று நாலு வரி. தீசிஸ் போனால் போகட்டும் என்று அனுப்பிவிட்டு, பாத்ரூமில் போய் அழுதாள்.

பத்திரிகைக்காரர்கள் கெட்டிக்காரர்கள். டேப்பை வைத்து அளக்கிற ஊர்கள் உலகத்தில் இன்னும் நிறைய இருந்தனவாம். இதையே இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதி, அதில் பங்குள்ளவர்கள் பெயர்களையும் போட்டு அனுப்பச் சொன்னார்கள். சேஷகிரி குதித்தார். "என் பேரா? இதுலயா? ஊரே சிரிக்கும். தப்பு பண்ணினது நீ, ஒட்டினது நீ. உன் பேர்லயே போகட்டும்!" என்று தன் பெயரைப் பேனாவால் இரண்டு தடவை அடித்தார், மறுபடி படிக்க முடியாதபடி.

நவம்பரில் கட்டுரை வெளிவந்தது. அதன் பிரதியோடு பவுலின் தீசிஸ் பிரிவு ஜகதாம்பாள் அம்மாவின் மேஜை முன் நின்றாள். அந்த அம்மாள் விதிப் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பத்திரிகை உண்டு. பக்க எண் உண்டு.

"மொதல் பேரு நீங்கதான். சரி. ஆனா வேற பேரே காணோமே? உங்க சார் பேரு எங்கம்மா?"

பவுலின் விதிப் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "சார் எனக்காக விட்டுக் குடுத்துட்டார் மேடம்."

ஜகதாம்பாள் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓங்கி முத்திரையைக் குத்தினார்.

"இப்பிடி ஒரு வாத்தியார் கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார்.