சூலியா தெருவில் ஒரு தாங்கல்

சந்திரிகாவின் இடக்கால் எலும்பு அறுக்கப்பட்ட மறுநாள், 2023ஆம் ஆண்டு ஜனவரி பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, அவளுடைய நடை மட்டும் சூலியா தெருவின் அஞ்சடியில் வழக்கம்போல் வேலைக்குப் புறப்பட்டுச் சென்றது. அவளோ அப்போது மருத்துவமனைக் கட்டிலில் மயக்கம் முழுதும் தெளியாமல் கிடந்தாள். அவளுடைய காலணிகள் இரண்டும் அக்கட்டிலின் கீழேயே இருந்தன. கடைகளின் முன்னே ஐந்தடி அகலத்தில் ஓடும் அந்நடைபாதையில் ஆள் எவரும் காணப்படவில்லை. வலக்காலின் மெல்லிய ‘டக்’ ஒன்றும், அடி உயர்த்தித் தைத்த இடக்காலணியின் கனத்த ‘தொம்’ ஒன்றும் மாறி மாறிச் சென்றன. பயணப்பெட்டிக் கடைக்காரரான சீனி முகம்மது, பூட்டைத் திறந்துகொண்டிருந்தவர், குனிந்த தலை நிமிராமலே வழியில் நின்ற பெட்டி ஒன்றைக் காலால் ஓரம் தள்ளி, “போயிட்டு வா தங்கச்சி” என்றார். தெருமுனையில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தின் ஓட்டுநர் ஹஸ்ருல் கதவைத் திறந்தார். படி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கதவை மூடி வண்டியை எடுத்தார். அன்று வெயில் கடுமையாக இருந்தது. எலுமிச்சை விலை சற்றே ஏறியிருந்தது.

சந்திரிகாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. ஏழாம் வயதில் கணுக்காலுக்கு அருகே எலும்பில் சீழ் பிடித்து, அத்துடன் இடக்கால் வளர்வதை நிறுத்திக்கொண்டது. வலக்கால் அதற்காகக் காத்திருக்கவில்லை. வளர்ந்து முடிந்தபோது வித்தியாசம் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலை, உருப்பெருக்கியின் கீழே மின்னணுச் சில்லுகளை வைத்துக் குறை தேடுவது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கோணல் இருந்தாலும் சில்லைக் கழித்துவிட வேண்டும் என்பது அவ்விடத்து விதி. பதினாறு ஆண்டுகள் அப்படிக் கழித்துக் கழித்துப் பழகியவளுக்குத் தன் காலின் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் எவ்வளவு பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காலை நீட்டும் அறுவைக்குப் போன நாளில், பையுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், சூலியா தெரு முஸ்லிம் பெரியவர்களை அழைக்கும் முறையில் சீனி முகம்மதுவை அழைத்து, “நானா, இந்த நடைய இனிமே நீங்க பாக்க மாட்டீங்க. இங்கேயே விட்டுட்டுப் போறேன்” என்றாள். அவர் சிரித்தார். அவள் சொன்ன சொல்லை நடை அப்படியே எடுத்துக்கொண்டது என்பது அப்போது இருவருக்கும் தெரியாது.

ஆறாம் நாள், மருத்துவமனைப் பணியாளர்கள் இருவர் அவளை நாற்காலியோடு தூக்கிப் பத்தொன்பது படிகள் ஏறி, சீனி முகம்மதுவின் பயணப்பெட்டிக் கடைக்கு மேலிருந்த அவள் அறையில் விட்டுச் சென்றனர். காலைச் சுற்றி நான்கு இரும்பு வளையங்கள். வளையங்களிலிருந்து எலும்புக்குள் போகும் ஊசிகள். வளையங்களை இணைக்கும் திருகுகள். நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மில்லிமீட்டர், அவளே திருக வேண்டும். அறுத்த எலும்பின் இரு முனைகளும் அவ்வாறு விலக விலக, இடைவெளியில் புது எலும்பு ஊறும் என்பது மருத்துவம். கோயிலுக்கு விரதம் இருப்பவர்கள் ஒரு மண்டலம் என்று கொள்ளும் அதே நாற்பத்தெட்டு நாள்கள் அவள் திருகினாள். ஊசி முனைகளை உப்புநீரால் துடைத்தாள். கணுக்கால் நரம்பு வில்லின் நாண்போல் விறைத்தபோது தலையணையைக் கடித்துக்கொண்டாள். சாப்பாட்டுக்குச் சன்னலிலிருந்து கயிற்றில் கூடை இறக்கினாள். தெருக்கோடி நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து பொட்டலம் வந்து கூடையில் விழுந்தது. மேலே ஏறிவர ஒருவருக்கும் தேவை ஏற்படவில்லை.

தேவை ஏற்படாததற்கு வேறொரு காரணமும் இருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைத் தோழியான துளசியை ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்டி” என்று சந்திரிகா கேட்டாள். துளசி சிரித்துவிட்டாள். “என்னாடி வெளையாடறியா? நீதான் தினமும் வர்றியே! காலையிலகூட என் பக்கத்துல வந்து உக்காந்தே. உன்னைப் பாக்க உன் வீட்டுக்கு வேற வரணுமாலா?” கடற்பாலத்துக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் குடியிருந்த தங்கை காமினியின் காரணம் அவ்வளவு வியப்பானதில்லை. “வரணும்னுதான்கா இருக்கேன். பாலத்துல ஜாம், பிள்ளைங்களுக்கு டியூஷன், ரொம்பக் கஷ்டம், சுசாலா. அடுத்த ஞாயிறு கண்டிப்பா” என்று அவள் சொன்ன ஞாயிறுகள் பதினேழு. கீழே சீனி முகம்மதுவும், காலையும் மாலையும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தபடியால், மாடியில் இருப்பவள் நலமாகவே நடமாடுகிறாள் என்று நிம்மதியாக இருந்தார்.

மாலை ஆறு மணிக்கு நடை திரும்பிவரும். கட்டிலில் கிடந்தபடியே சந்திரிகா அதனைக் கேட்பாள். முனையிலிருந்து வரும், கடை முன்னால் சற்றுத் தயங்கும், மாடிப்படியின் அடிவரை வந்து நிற்கும். ஏறாது. அவள் மூச்சடக்கிக் காத்திருப்பாள். சிறிது நேரத்தில் ஓசை திரும்பிப் பள்ளிவாசல் பக்கமாகப் போய் அடங்கிவிடும். முதல் சில வாரங்கள் அவளுக்குக் கோபம் இருந்தது. அறுவை செய்தும் தொலையாமல் தெருவெல்லாம் தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு திரிகிறதே என்ற கோபம். பிறகு கோபம் போய், ஆறு மணியை எதிர்பார்த்துப் பகலைக் கழிக்கும் பழக்கம் வந்தது.

எலும்பு ஊறவில்லை. மாதம் ஒரு முறை அவளைப் படம் எடுக்கத் தூக்கிச்சென்ற பணியாளர்கள், “ரிங்கான்லா, காக்கா” என்று, எடையே இல்லை அக்கா என்பதை மலாயில் சொல்லி வியந்தனர். அவள் மிதக்கவில்லை, அப்படி எவரும் சொல்லவும் இல்லை. ஜூலை மாதப் படத்தை வெளிச்சத்தில் பிடித்த மருத்துவர் சிவநேசன், இரு எலும்பு முனைகளுக்கும் இடையே இருந்த கருப்பு இடைவெளியை நெடுநேரம் பார்த்தார். “பாரம் ஏறினாத்தான் எலும்பு பிடிக்கும். நீங்க காலை ஊன்றதே இல்லையா?” என்றார். “தினமும் ஊன்றேன் டாக்டர்” என்றாள். “அப்போ பாரம் எங்க போவுது?” செப்டம்பர் பதினைந்துவரை பார்ப்பதாகவும், அதற்குள் எலும்பு தென்படாவிட்டால் திருகுகளைத் திருப்பி இடைவெளியை மூடிவிடுவதாகவும், முனைகளைச் சீவிச் சேர்ப்பதால் கால் முன்னிருந்ததைவிடவும் ஒரு சென்டிமீட்டர் குறையும் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையிலிருந்து வந்து பயிற்சி கொடுக்கும் சுஹானா, பணியாளர்களைத் தவிர அவ்வறைக்குள் வந்துபோன ஒரே ஆள், அந்த வாரம் எடை பார்க்கும் கருவி ஒன்றைத் தரையில் வைத்து, இடக்காலை அதன்மேல் ஊன்றச் சொன்னாள். சந்திரிகா ஊன்றினாள். முள் சுழியத்தில் நின்றது. பற்களைக் கடித்து உடம்பு முழுவதையும் சாய்த்தாள், சுழியம். சுஹானா தான் ஏறிப் பார்த்தாள், அறுபத்திரண்டு. “கருவி நல்லாத்தான் இருக்கு, அக்கா” என்று சொல்லி, குறிப்பேட்டில் சுழியம் என்று எழுதிக்கொண்டாள்.

அதே மாதக் கடைசியில், பயணிகள் பெட்டியை நிறுத்துப் பார்க்கட்டும் என்று சீனி முகம்மது தம் கடை முன்னே புதிதாக ஓர் எடைமேடை வைத்தார். அன்று மாலை ஆறு மணிக்கு, முனையிலிருந்து வந்த நடை மேடைமேல் ஏறி, வழக்கமாகத் தயங்கும் இடத்தில் தயங்கியது. எண்கள் ஓடி ஐம்பத்தொன்றில் நின்றன. அவர் மேடையையும், அதன்மேல் இருந்த வெறுமையையும், மாடியையும் முறையே பார்த்தார். ஏழு மாதத்தில் முதன்முறையாகப் பத்தொன்பது படிகளையும் ஏறி வந்தார். கட்டிலில் கிடந்தவளின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைக் கண்டு, தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, கோவிச்சுக்காதே. நீ நல்லா நடந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுட்டேன்” என்றார். பிறகு, “உன் எடை எவ்வளவு?” என்றார்.

“அம்பத்தொண்ணு, நானா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி.”

“இப்பவும் அம்பத்தொண்ணுதான். கீழ நிக்குது.”

காலை இழுத்து இழுத்து நடப்பதைத் தாங்கித் தாங்கி நடப்பது என்பதும், ஒருவர்மீது கொண்ட வருத்தத்தை மனத்தாங்கல் என்பதும், பாரத்தைப் பொறுப்பதைத் தாங்குதல் என்பதும் தமிழ் பேசும் எல்லா இடங்களிலும் வழக்கு. மூன்றும் ஒரே இடத்தில் பிறந்தவை என்பது சந்திரிகாவுக்கு அன்று மாலைதான் விளங்கியது. எது தாங்குமோ அதனைத்தான் அவள் தெருவில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதுவும் தாங்கலோடு கீழே நின்றது. வெள்ளிக்கிழமை வந்த சுஹானா முழுவதையும் கேட்டுவிட்டு, மருந்தின் அளவைச் சொல்லும் குரலில், “கூப்பிட்டா வரும்னு நெனைக்கிறேன். ஆனா ஒண்ணு, அக்கா. அது உள்ள வந்துட்டா எலும்பு பிடிக்கும். கால் ரெண்டும் சமமாத்தான் இருக்கும். ஆனா மறுபடி அதே நடைதான் நடப்பீங்க. யோசிச்சுக்குங்க” என்றாள்.

சந்திரிகா பன்னிரண்டு நாள்கள் யோசித்தாள். சமமான நடைக்காகத்தான் எலும்பையே அறுக்கக் கொடுத்தாள். பள்ளியில் பின்னால் வந்து தாளம் போட்டவர்களுக்காக, பெண் பார்க்க வந்து அவள் எழுந்து நடந்தவுடன் கடிகாரம் பார்த்தவர்களுக்காக. அந்த நடையைத் திரும்ப அழைப்பது, முப்பத்திரண்டு ஆண்டுகள் வேண்டிக்கொண்ட ஒன்றைத் தானே வேண்டாம் என்பதாகும். அழைக்காவிட்டால், ஒரு சென்டிமீட்டர் குறைந்த காலும், தக்கைபோன்ற உடம்பும், கூடை இறங்கும் சன்னலும் மிஞ்சும். பதின்மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அவள் ஊன்றுகோல்களை முன்னே தள்ளிவிட்டு, மாடிப்படியில் அமர்ந்து, வளையங்கள் படிக்குப் படி மோத, உட்கார்ந்தபடியே இறங்கத் தொடங்கினாள். கீழ்ப்படிக்கு வந்துசேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. சீனி முகம்மது உதவிக்கு எழவில்லை. எழக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

ஆறு மணிக்கு நடை வந்தது. படியின் அடியில், அவளுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றது. சந்திரிகா அதனிடம் பேசியதாக, வானொலியைக் குறைத்து வைத்திருந்த சீனி முகம்மது கேட்டுச் சொன்னது இதுதான்: “உன்னைய முப்பத்திரண்டு வருசம் மறைச்சு மறைச்சு வச்சேன். வெக்கமா இருந்துச்சு. இப்ப எலும்புக்காகத்தான் கூப்பிட வந்தேன், பொய் சொல்லல. ஆனா அது மட்டுமில்ல.” மாடியைக் கை காட்டி, “மேல யாருமே வர்றதில்ல. நீயாச்சும் வாயேன்” என்றாள். சிறிது நேரம் தெருவின் மோட்டார் வண்டி ஓசைகள் மட்டுமே இருந்தன. பிறகு முதற்படியில் ‘டக்’ என்றும், அதற்கடுத்த படியில் ‘தொம்’ என்றும் கேட்டது. அவளைத் தாண்டி ஏறியது. ஏழாம் படியில் நின்று, அவள் ஊன்றுகோலைப் பற்றி எழும்வரை காத்திருந்தது.

மறு செவ்வாய் கருவியில் நான்கு கிலோ காட்டிற்று. அதற்கடுத்த வாரம் பதினொன்று. மாத முடிவில் இருபத்தாறு. செப்டம்பர் பதினைந்தாம் தேதிப் படத்தில், கருப்பின் நடுவே பால் சிந்தியது போன்ற வெண்மை இருந்தது. மருத்துவர் சிவநேசன் திருகுகளைத் தொடவில்லை. நடை மாடிக்குப் போய்விட்டதால், சூலியா தெருவிலும் பேருந்திலும் சந்திரிகா இல்லாதது தெரியத் தொடங்கியது. மூன்றாம் நாளே ஹஸ்ருல் முனையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிறுத்திப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை துளசி முதலாக ஒன்பது பேர் ஆரஞ்சுப் பழங்களோடு படியேறி வந்து, “என்னாடி, திடீர்னு காணோம்! ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டு, வளையங்களைப் பார்த்துத் திகைத்து, கட்டிலைச் சுற்றி நின்றபடியே காலைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையைப்பற்றி மாலைவரை பேசிவிட்டுப் போயினர். அதற்கடுத்த ஞாயிறு எவரும் வரவில்லை. அது இயல்புதான்.

டிசம்பரில் வளையங்கள் கழன்றன. மருத்துவர் இரண்டு கால்களையும் மூன்று முறை அளந்தார். ஒரு மில்லிமீட்டரும் வேறுபாடில்லை. தாழ்வாரத்தின் மறுகோடிவரை நடந்து வரச் சொன்னார். அவள் நடந்து வந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘கால்கள் சமம். நடை பழையது’ என்று அட்டையில் எழுதி, அடுத்தவரை அழைத்தார். பொங்கலுக்கு ஒருவழியாகப் பாலம் கடந்து வந்த காமினி, அக்காள் தேநீர்க் கோப்பையோடு அறையின் குறுக்கே தாங்கித் தாங்கி வருவதைப் பார்த்துவிட்டு, “அப்பறம் எதுக்குக்கா இவ்வளவு பாடு?” என்றாள். “நாப்பத்தெட்டு மில்லிமீட்டர் வளந்திருக்கேன்லா, கண்ணு தெரியலையா?” என்றாள் சந்திரிகா. இருவரும் சிரித்தனர். பாலத்தில் நெரிசல் கூடும் முன்னே காமினி புறப்பட்டுவிட்டாள்.

இப்போது சந்திரிகா வேலைக்குப் போய்வருகிறாள். சமமான இரண்டு கால்களால் அவள் ஏன் தாங்கி நடக்கிறாள் என்று அத்தெருவில் கேட்பவர் எவரும் இல்லை. மாலையில் மாடி அறையில் ஓசை கேட்கும். சில நாள்களில் அவள் களைத்துப் படுத்துவிட்ட பிறகும், நடை மட்டும் எழுந்து சமையற்கட்டுவரை போய்வருகிறது. அது திரும்பி வந்து கட்டிலோரம் நிற்கும்வரை, அவள் விளக்கை அணைப்பதில்லை.