ஒலிபெருக்கிக் குரல்

...கைபேசியில் வந்த குரல்செய்தி ஒன்பதே நொடிதான், மூன்றாம் முறை கேட்டாயிற்று, ஆனாலும் அது லீபிங் பேசியதுதானா என்று சூச்சினுக்கு நம்பிக்கை வரவில்லை, "ஃபான் அக்கா, மன்னிச்சுக்கோங்க, இந்தச் சனிக்கிழமை என்னால வர முடியல, உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன்," நீங்களாம், குடும்பப் பெயர் சொல்லி ஃபான் அக்காவாம்... ஷென்யாங்கின் இந்தப் பொதுக்குளியலறையில் பதினெட்டு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும், "ஏய் குண்டு, முதுகைத் திருப்புடி, அழுக்கு மூட்டை!" என்று கரகரத்தவள்தானே, தோல் சிவக்கத் தேய்த்தவள்தானே? இது அவளுடைய இன்னொரு குரல், பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிக்கு மட்டும் வைத்திருந்த தேன் குரல், முகம் தெரியாத பயணிகளுக்கான குரல், அறிவிப்பாளர்களான அவர்கள் இருவரும் அதைப் பேசிவிட்டு ஒலிவாங்கியை அணைத்ததும் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிச் சிரிப்பார்கள், அப்படியானால் இப்போது நானும் பயணியா? அறிவிப்புகளை ஒலிக்கப் பதிவு இயந்திரம் வந்துவிட்டது, இனி ஒருத்தி போதும், வேலையில் நீடிக்க விரும்புகிறவர் மனுக் கொடுக்கலாம் என்று நிர்வாகம் சொன்ன அன்று இதே குளியலறைப் பலகையில் உட்கார்ந்து, "ரெண்டு பேருமே கொடுக்க வேணாம்டி, அவனுங்க திண்டாடட்டும்," என்றவள் யார், நேற்று அறிவிப்புப் பலகையில் ஒற்றைப் பெயராக ஒட்டியிருந்தவள் யார்... திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், "ஆமாடி, கொடுத்தேன், என்னடி பண்ணுவே?" என்று கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள், மாலைக்குள் சமாதானமாகியிருக்கும், இந்த மரியாதையை என்ன செய்வது?

"தோழி வரலையா? நான் தேய்க்கட்டுமா?" என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள், வேண்டாமென்று தலையசைத்து, துண்டை இறுக்கிக்கொண்டு, சூச்சின் கைபேசியில் பேச்சுப் பொத்தானை அழுத்தினாள், அடி துரோகி என்றுதான் தொடங்கப் போனாள், தொண்டை அதற்குத்தான் தயாராக இருந்தது, வெளியே வந்ததோ, "பரவாயில்லைங்க, சொன்னதுக்கு நன்றி," அதே தேன், விரல் நழுவியது, செய்தி போய்விட்டது... நன்றி, இந்தச் சொல் ஏன் உறுத்துகிறது, மூன்று வாரங்களுக்கு முன் லீபிங் உரித்த ஆரஞ்சை நீட்டியபோது வாய்தவறிச் சொன்னது இதைத்தானே, அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு, "என்னடி நன்றியெல்லாம், நான் வெளியாளா?" என்றாள், சிரிக்கவில்லை... அன்று இவள் பைக்குள் ஒரு மனுத்தாள் மடித்திருந்தது, எழுதவில்லை, கொடுக்கவுமில்லை, சும்மா வாங்கி வைத்ததுதான், ஆனால் கிழிக்கவும் இல்லையே... லீபிங் பையைத் திறந்து பார்த்திருக்க மாட்டாள், அவளுக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, அந்த ஒரு சொல்லில் அவள் காதுக்கு எல்லாம் கேட்டிருக்குமோ...