சுனிவாவின் சிவப்பு ரவிக்கை

இறந்துபோன பிறகும் சுனிவா வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். எங்கள் ஊரான நேஸ்விக்கில் இது எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வயதில், ஒரு மார்ச் மாதம், மூளைக்காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். மே மாதம் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்குக்கு உடுத்த வேண்டிய சிவப்பு ரவிக்கையும் கறுப்புப் பாவாடையும் அதற்குள் தைத்து முடிந்திருந்தன. மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கும் எங்கள் ஃபியோர்டுக் கரையில் அந்த உடுப்பை ஒருத்திக்கு ஒரு முறைதான் தைப்பார்கள். வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி மடித்து விடுவார்கள். அதே உடுப்பில்தான் அவள் கல்யாணங்களுக்குப் போவாள், பேரப்பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் போவாள். சுனிவாவின் உடுப்பைத் தாய் போர்கில்டு அலமாரியில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள். அடுத்த ஆண்டு ஆப்பிள் மரங்கள் பூத்திருந்த வாரத்தில், யாருமே உடுத்தாத அந்த ரவிக்கை அக்குளிலிருந்து இடுப்புவரை பிரிந்திருந்தது. நூல் தெறித்திருந்த விதத்தைப் பார்த்தால் எலியும் அல்ல, பூச்சியும் அல்ல, உள்ளேயிருந்து உடம்பு தள்ளியது என்று தைக்கத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும்.

போர்கில்டு முதலில் கையால்தான் தைத்துப் பார்த்தாள். காலையில் நூல் மட்டும் உருவிக் கீழே கிடந்தது. உடுப்பை முதலில் தைத்த பழைய பச்சை மெஷினில் ஓட்டியபோது தையல் நின்றது. சுனிவா சிறுமியாக இருந்தபோது மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, தாய் துணியைத் தள்ளத் தள்ள, பெடலைக் கையால் அமுக்கிக் கொடுத்த மெஷின் அது. அதனால்தானா என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் போர்கில்டு அரை விரல் அகலம் பிரித்துவிட்டு அதே மெஷினில் தைத்தாள். ஒரு வருடம் அவளே நிமோனியாவில் படுத்துவிட்டாள். அப்போது அலமாரிக்குள் யாரோ மூச்சுக்குத் தவிப்பது அடுப்படிவரை கேட்டது. போர்கில்டைப் பார்க்க வந்த நர்ஸ் அலமாரிக் கதவிலும் காதை வைத்துக் கேட்டாள். "நெஞ்ச இறுக்குது, பிரிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். கணவன் ஒட்வாருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. மனைவி தைக்க உட்கார்ந்தால் தோட்டத்துக்குப் போய் வெட்டத் தேவையில்லாத கிளைகளையும் வெட்டினான். ஒருமுறை உடுப்பைக் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம் என்று கிளம்பினான். பாதி வழியில், வளர்ந்த பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கனம் கனத்தது. கை மரத்துப்போய்த் திரும்பி வந்தான்.

சுனிவாவுக்கு இருபத்தொன்பது வயது ஆகியிருக்க வேண்டிய ஆண்டில், ரவிக்கை அக்டோபரில் பிரிந்தது. ஆப்பிள் பறித்து முடியாத நேரம். தோளில் பிரியவில்லை, மார்பில் பிரியவில்லை, இடுப்பில் மட்டும். போர்கில்டு பிரித்துவிட்டாள். டிசம்பரில் மறுபடியும் அதே இடம். அதன் பிறகு அவளுக்குச் சந்தேகம் இல்லை, மகள் முழுகாமல் இருக்கிறாள். கூட்டுறவுக் கடையில் இதைச் சொன்னபோது பெண்கள் பால் டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள். "ஸ்டெய்னார் வீட்டுப் பையனாத்தான் இருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு ஆஸ்லெய்க். "மோட்டார் சைக்கிள்ல அடிபட்டுப் போனானே, அவன். கல்லறையில உங்க பொண்ணுக்கு ரெண்டு வரிச தள்ளித்தான் படுத்திருக்கான். வேகமா ஓட்டுவானே தவிர நல்ல கொணம்." வேறு பையன் யாரும் அந்தப் பக்கம் இல்லாததால் ஊர் அதையே ஏற்றுக்கொண்டது. ஸ்டெய்னாரும் மறுப்புச் சொல்லவில்லை. சம்பந்தி முறைக்கு ஒரு கூடை ஆட்டிறைச்சி கொடுத்தனுப்பினான்.

ஜனவரியில் மூன்றாம் முறை பிரிந்தது. போர்கில்டு ரவிக்கையின் தடித்த கம்பளித் துணியை ஊசிக்கடியில் வைத்து ஓட்டினாள். நான்கு அங்குலம் ஓடியதும் மெஷினுக்குள் பல் உடைவது போல ஒரு சத்தம். ஊசி பாதி இறங்கி நின்றுவிட்டது. தையல் மெஷின் பழுதுபார்க்கப் படகேறி அக்கரையிலிருந்து வந்த டோர்ஸ்டெய்ன் அதைக் கவிழ்த்துப் போட்டு அடித்தட்டைக் கழற்றினான். பல்சக்கரம் இரண்டாகப் பிளந்திருந்தது.

"இந்தச் சக்கரத்தப் பண்றவங்களே இப்ப இல்ல. செத்த மெஷின் ஒண்ணு எங்கிட்ட கெடக்கு, அதுலருந்து கழட்டிப் போடலாம். ஆனா அதுவும் இதே வயசு. ஒரு தையல் ஓடும். ரெண்டாவதுக்கு நான் பொறுப்பில்ல. புதுசு வாங்குறதுதான் புத்தி."

ஒட்வார் மறுநாளே புதுசு வாங்கி வந்தான். அவ்வளவு வேகமாக அவன் எதையும் வாங்கியதில்லை. வெள்ளை மெஷின். பூ போடும், காஜா எடுக்கும், குளிர்பதனப் பெட்டி போல மெல்ல முனகும். போர்கில்டு தலையணை உறை ஒன்றைத் தைத்துப் பார்த்தாள். அதைவிட நேரான தையலை அவள் பார்த்ததில்லை. பிறகு ரவிக்கையைத் தைத்தாள். விடிந்தபோது அத்தனை தையலும் அலமாரித் தரையில் நூலாகக் கிடந்தது. உள்ளே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை இரண்டு மூச்சு. ஒன்று பெரியது, ஒன்று மிகச் சின்னது, வேகமானது.

டோர்ஸ்டெய்னைக் கூப்பிடப் போனைத் தொட்ட போர்கில்டை ஒட்வார் தடுத்தான்.

"பதினஞ்சு வருஷமா பிரிச்சுப் பிரிச்சு விடுற. உள்ள இன்னும் எவ்ளோ துணி இருக்கு?"

"ஒரு கட்டவிரல் அகலம்."

"துணியும் ஒரு தடவைக்கு, சக்கரமும் ஒரு தடவைக்கு. அப்புறம் என்ன பண்ணுவ? அவ நாப்பது வயசுல மூச்சு முட்டுனா உக்காந்து கேட்டுட்டிருப்பியா? நாம போயிட்டா யாரு கேப்பா? இப்பவே விட்டுரு. இன்னொரு தடவ பழுது பாத்தா இன்னொரு தடவ சாகக் குடுக்கணும். என்னால முடியாது."

போர்கில்டு போனிலிருந்து கையை எடுத்தாள். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. புது மெஷின் அவள் காலம்வரை ஓடும். ஆனால் மகளைத் தைக்காது. பழையது மகளைத் தைக்கும். அதோடு மெஷினும் முடிந்தது, துணியும் முடிந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பிறந்துவிட்டால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சுனிவாவை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒட்வார், போர்கில்டு என்ற பெயர்கள்தான் புழங்கின. அன்று காலை அடுப்படியில் நின்றுகொண்டு அவள், "அப்பா," என்றாள்.

ஒட்வார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, நாப்பது வயச அப்புறம் பாத்துக்கலாம். வயித்துப் புள்ளைய இறுக்கலாமா?"

பிறகு ஒட்வார் எழுந்து போய்த் தானே டோர்ஸ்டெய்னுக்குப் போன் செய்தான். "அந்தச் செத்த சக்கரத்தக் கொண்டா," என்றான். "ஆமாய்யா, புத்தியில்லாமத்தான் கேக்குறேன்."

சக்கரத்தை மாற்றிவிட்டு, பெடலை அமுக்க வேண்டாம், கையால் சுற்றுங்கள் என்று டோர்ஸ்டெய்ன் சொல்லிப் போனான். ஒட்வார் அன்று தோட்டத்துக்குப் போகவில்லை. பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மனைவிக்கு அருகில் உட்கார்ந்தான். அவள் உள்மடிப்பின் கடைசித் துணியைப் பிரித்து, நீவி, ஊசிக்கடியில் வைத்தாள். அவன் ஒரு தையலுக்கு ஒரு சுற்று சுற்றினான். "மெதுவா, கெழவா, மாவா அரைக்கிற?" என்றாள். "இதுக்கு மேல மெதுவாச் சுத்துனா தூங்கிருவேன்," என்றான். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் முக்கால் போனபோது மெஷின் திணறியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முடிச்சு விழுந்து, அவள் நூலைக் கத்தரித்த பிறகுதான் சக்கரம் பிளந்தது. ரவிக்கையைத் திரும்ப மாட்டிக் கதவைச் சாத்தியபோது உள்ளே தவிப்பு அடங்கியிருந்தது. ஒட்வார் அலமாரியில் நெற்றியை முட்டிக்கொண்டு, அந்தப் பதினைந்து ஆண்டுகளில் முதல் முறையாக, வாய்விட்டு அழுதான்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை ரவிக்கையின் இடுப்பு தளர்ந்து தொங்கியது. மார்பில், சிவப்புத் துணியின் இரண்டு பக்கமும், வட்டமாக ஈரம் ஊறி இருண்டிருந்தது. போர்கில்டு முகர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைக்குட்டைகளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, மேசைக்கு வந்து கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் புளித்த பாலேட்டில் காய்ச்சிய கஞ்சி கொண்டுபோவது எங்கள் ஊர் வழக்கம். ஆஸ்லெய்க்கும் இன்னும் இரண்டு பெண்களும் மர வாளியில் கஞ்சியோடு பனியில் நடந்து வந்தார்கள். மேலே வெண்ணெய் உருகி மஞ்சளாய் நின்றது.

"பையனா, பொண்ணா?" என்றாள் ஆஸ்லெய்க், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிக்கொண்டு.

"அது நமக்குத் தெரியாதே," என்றாள் போர்கில்டு. "பால் நல்லா இருக்கு."

"அப்பச் சரி. சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க. ராத்திரி தூங்க விடாது பாருங்க."

அவர்கள் போன பிறகு ஒட்வார் இரண்டு தட்டு எடுத்து வைத்தான். பிள்ளை பெற்றவளுக்கு வந்த கஞ்சியை வீட்டில் இருப்பவர்கள் மிச்சம் வைக்கக்கூடாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வாளியின் அடி தெரியும்வரை சாப்பிட்டார்கள். நடுவில் ஒருமுறை ஒட்வார் கரண்டியை நிறுத்திவிட்டு அலமாரிப் பக்கம் காது கொடுத்தான். அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. குழந்தை தூங்குகிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.