நாலு பீப்பாயும் ஒரு மூட்டையும்

நடைபாலத்தைக் கழற்றியவர்கள் இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு மாதமாகியும் ஒரு போல்ட்டைத் திருப்பிப் பூட்டவில்லை. கால்வாயின் அந்தப் பக்கம் தையல்காரியின் கணவருடைய கடிகாரக் கடை பூட்டியே கிடந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் திறக்காவிட்டால் கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். சுற்றிப் போக சாலைப் பாலம் பதினோரு கிலோமீட்டர். கணவரின் பேட்டரி சக்கர நாற்காலி ஏழாவது கிலோமீட்டரிலேயே மூச்சை விட்டுவிடும்.

மிச்சமிருந்தது படகு. படகுக்காரரைத் துறையில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நல்ல வாட்டசாட்டம், வாய் அதைவிட.

"நாற்காலியெல்லாம் ஏத்த முடியாது தங்கச்சி. வேணும்னா ஆளை மட்டும் தூக்கி, மூட்டை மாதிரி ஓரமா வெச்சுக்கறேன்."

"நான் மூட்டை இல்லண்ணே" என்றார் கணவர். அவ்வளவுதான். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று சாப்பாட்டை அவர் தொடவில்லை. இருடா கேப்டன் உனக்கு, என்று தையல்காரி மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

மறுநாளே பழைய இரும்புக் கடையிலிருந்து மூடியுள்ள நீல பிளாஸ்டிக் பீப்பாய் நாலு வாங்கி வந்தாள். இருபது லிட்டர் கேனால் ஒரு பீப்பாயில் தண்ணீர் ஊற்றினாள். பத்து கேன் பிடித்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, காற்றடைத்த பீப்பாய் முழுவதும் மூழ்குமுன் சுமார் இருநூறு கிலோ தாங்கும், நாலும் சேர்ந்தால் எண்ணூறு. பிறகு கணவரை நாற்காலியோடு இரும்புக் கடைத் தராசில் ஏற்றினாள்.

"நூத்தி எண்பத்தஞ்சு கிலோ" என்றாள்.

"அதுல பேட்டரிதான் பாதி" என்றார் அவர், அவசரமாக.

அவள் ஐம்பத்தைந்து கிலோ. சட்டம், பலகை, பீப்பாயின் சொந்தக் கனம் எல்லாம் நூற்றியிருபது. மொத்தம் முந்நூற்று அறுபது. பீப்பாய் பாதி கூட மூழ்காது.

"பாதி சும்மா கிடக்கே, ரெண்டு பீப்பாய் போதாதா?" என்றார் கணவர்.

"எந்தச் சட்டையையும் நான் உடம்போட ஒட்டித் தைக்கறதில்லீங்க. உள்ள துணி விட்டுத்தான் தைப்பேன்."

பக்கத்துக்கு இரண்டாகப் பீப்பாய்களைப் படுக்கவைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டி, மேலே பலகை அடித்தாள். பாதி உயரத்தில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு. கேப்டன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நடுக் கால்வாயில என்னைத்தான் கூப்பிடப் போறே. இது மேல நான் காலைக்கூட வைக்க மாட்டேன்."

"உங்களை யார் கூப்பிட்டா?"

திங்கள் காலை எட்டரை மணிக்குக் கழியை ஊன்றித் தள்ளினாள். கோடு தண்ணீருக்கு மேலேயே நின்றது. கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேப்டன் படகு நிறைய ஆட்களோடு அவர்களை முந்திப்போய் அக்கரைத் துறையில் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தார்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. இறங்குபலகையைப் போட்டுவிட்டு நாற்காலி முன் ஓரத்துக்கு நகர்ந்ததும் முன் பீப்பாய்கள் அழுந்தி, பின்பக்கம் எழும்பியது. பலகை செங்குத்தாகிவிட, சக்கரம் ஏற மறுத்துச் சுழன்றது. அளவெடுக்கும்போது யாரையும் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்காமல் விட்டதில்லை தையல்காரி. ஆனால் இந்த மிதவையை நடுவில் பாரம் வைத்தே அளந்திருந்தாள். ஓரத்தில் வைத்துப் பார்க்க மறந்துவிட்டாள்.

அவள் பின்கோடிக்கு ஓடி நின்றாள். ஐம்பத்தைந்து கிலோவுக்கு அது மசியவில்லை. மணி ஒன்பதாகப் பத்து நிமிடம்.

"நான்தான் சொன்னேனே" என்றார் கேப்டன் சிரித்துக்கொண்டே. "ஆளைத் தூக்கிறவா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கேப்டனை மேலும் கீழும் பார்த்தாள். தையல் கடையில் அளவு பார்க்கிற பார்வை அது. தொண்ணூற்றைந்து கிலோவுக்குக் குறையாது.

"யாரையும் தூக்க வேணாம். நீங்க வந்து இந்தக் கோடியில நில்லுங்கண்ணே. எண்ணூறு தாங்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான் இடம் விட்டிருக்கேன்."

கேப்டன் அசையவில்லை. படகிலிருந்து இறங்கிய கூட்டமும் நகரவில்லை.

"ஏன் கேப்டன், தண்ணின்னா பயமா?" என்றது ஒரு குரல்.

முகம் சுண்டிப்போக, அவர் மிதவையின் பக்கவாட்டில் ஏறிப் பின்கோடிக்கு வந்து அவள் அருகில் நின்றார். பின்பக்கம் இறங்கியது, முன்பக்கம் உயர்ந்தது, பலகை படிந்தது. நாற்காலி ஒரே சீராக ஏறித் துறைக்குப் போனது.

கணவர் அங்கேயே நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் போய்க் கடையைத் திறக்கறேன். நீ அந்த மூட்டையை இறக்கிட்டு வா."