எண்ணிக்கை ஒன்று, வருகை ஒன்று

நான்காம் ஆண்டு வகுப்பில் தினேஸ்வரிதான் முதல் மாணவி. கடைசி மாணவியும் அவளேதான். சுங்காய் டவுனிலிருந்து உள்ளே பதினொரு கிலோமீட்டர் போனால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு தமிழ்ப்பள்ளி நிற்கிறது. மொத்தமே பதினான்கு பிள்ளைகள். ஐந்தாம் ஆண்டில் மூன்று பேர், இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர், நான்காம் ஆண்டில் இவள் ஒருத்தி. ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் இங்கே இருநூறு பிள்ளைகள் படித்தார்கள் என்று சொன்னால், புதிதாக வருகிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நம்பமாட்டார்கள்.

வெண்பலகையின் வலது மூலையில் தினமும் காலையில் எண்ணிக்கையும் வருகையும் எழுத வேண்டும். மற்ற பள்ளிகளில் பிள்ளைகள் முறை வைத்து எழுதுவார்கள். இங்கே முறை வைப்பதற்கு வழியில்லை. தினேஸ்வரி தினமும் எண்ணிக்கை 1, வருகை 1 என்று எழுதிவிட்டுத் தன் ஒற்றை மேசையில் போய் உட்காருவாள். ஒரு முறை காய்ச்சலில் அவள் வராதபோது, வருகை 0 என்று எழுத பிரமிளா டீச்சருக்குக் கை வரவில்லை. பலகையை அப்படியே விட்டுவிட்டாள்.

பிரமிளா ஈப்போ நகரத்துக்காரி. இந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வருடம். ஒரே பிள்ளை உள்ள வகுப்பு என்றால் தோழிகளுக்குப் பொறாமை. "ஒரு புத்தகம் திருத்தினா வேலை முடிஞ்சுது, உனக்கென்ன லா!" என்பார்கள். அவளும் கொடுத்து வைத்தவள் என்றுதான் நினைத்திருந்தாள். கணக்கில் தினேஸ்வரி எழுதுவதெல்லாம் சரி. சரி என்றால் ஒரு நட்சத்திரம், ஒரு "கெட்டிக்காரி!". எப்போதாவது ஒன்று தப்பினால் பிள்ளை அதை அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டை போட்டுவிடுவாள். சுத்தமான பிள்ளை என்று பிரமிளா அதையும் மெச்சிக்கொண்டாள். அதற்காக அவள் பிற்பாடு தன்னைத் தானே திட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

ஈப்போவில் நடந்த கணிதப் புதிர்ப்போட்டிக்கு அவளைத் தன் காரிலேயே அழைத்துப் போனாள். மண்டபத்தில் எண்பது பிள்ளைகள். ஆளுக்கொரு சிறு வெள்ளைப் பலகை. கேள்வி கேட்டதும் விடையை எழுதி, மணி அடித்ததும் தூக்கிக் காட்ட வேண்டும். பிரமிளாவுக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. தினேஸ்வரியின் கை நன்றாகத் தெரிந்தது.

கூடையில் இருபத்து நான்கு ஆரஞ்சு, மூன்றில் இரண்டு பங்கு விற்றாகிவிட்டது, மிச்சம் எத்தனை? எல்லோருக்கும் முன்னால் தினேஸ்வரி 8 என்று எழுதினாள். பிரமிளாவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அப்புறம் பிள்ளை பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பெண் 16 என்று எழுதியிருந்தாள். தினேஸ்வரி விரலால் எட்டை அழித்துவிட்டுப் பதினாறு எழுதினாள். மணி அடித்தது.

பத்துக் கேள்வியிலும் இதே கதைதான். அதில் ஏழு கேள்விக்கு முதலில் எழுதியது சரி. ஏழையும் அழித்தாள்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் பிரமிளா கேட்டாள்.

"எட்டுன்னு சரியா போட்டியேம்மா, ஏன் அழிச்சே?"

"பக்கத்துல இருந்தவங்க பதினாறு போட்டிருந்தாங்க டீச்சர்."

"அவங்க போட்டதுதான் தப்பு."

தினேஸ்வரி மைலோ பொட்டலத்தின் உறிஞ்சுகுழாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்டித் தெரியும் டீச்சர்? நம்ம கிளாஸ்ல தப்பு வந்தா அது எப்பவும் என்னோடதுதானே."

கோப்பெங் ஊரைத் தாண்டும்போதுதான் பிரமிளாவுக்கு விளங்கியது. நான்கு வருடமாக இந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் தப்பைப் பார்த்ததே இல்லை. உலகத்தில் தப்பு போடுகிற ஆள் தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு நட்சத்திரமாக வாங்கி அடுக்கியிருக்கிறாள். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்று தலைமையாசிரியர் மகேந்திரன் இவளைப் பற்றி விளையாட்டாகச் சொன்னது இப்போது சுருக்கென்றது. இலுப்பைப்பூவா அது? அசல் சர்க்கரை. அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினேஸ்வரி விடை எழுதுவதை நிறுத்திவிட்டாள். கேள்வியை அழகாக எழுதுவாள். கோடு போடுவாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "விடை என்ன டீச்சர்?" என்பாள். சொன்னால் எழுதிக்கொள்வாள். அடம் இல்லை, அழுகை இல்லை. அழுதாலாவது தேற்றலாம்.

அந்த வாரக் கடைசியில் அவள் அம்மா புனிதா பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள். நாற்றுப் பண்ணையில் வேலை. கையுறையைக் கூடக் கழற்றவில்லை.

"அடுத்த வருஷம் டவுன் ஸ்கூலுக்கு மாத்தலாம்னு இருக்கோம் டீச்சர். ஒரு கிளாஸ்ல முப்பத்தஞ்சு பேராம். நாலு பிள்ளைங்களோட பழகட்டும். கோவிச்சுக்காதீங்க."

"கோபம் என்னக்கா, நல்லதுதானே" என்றாள் பிரமிளா. நல்லதுதான். ஆனால் இப்படியே போனால், முப்பத்தைந்து விடைகளுக்கு நடுவில் பிள்ளை தன்னுடையதை ஒரு நாளும் வைத்துக்கொள்ளமாட்டாள். வருடம் முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்குள் தினேஸ்வரி ஒரே ஒரு விடையையாவது அழிக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரமிளாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

முதலில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். பலகையில் வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள். ஒன்பது ஆறு ஐம்பத்திரண்டு. "சரியாம்மா?" என்று வேறு கேட்டாள். தினேஸ்வரி பொறுமையாகப் பார்த்தாள்.

"நீங்க வேணும்னே தப்பு போடுறீங்க டீச்சர்."

"எப்டிச் சொல்றே?"

"தப்பு போடுறப்ப என்னையே பாக்குறீங்க."

குட்டு வெளிப்பட்ட பிறகு அந்த நாடகத்தை இழுப்பதில் அர்த்தமில்லை. பிரமிளா பலகையைத் துடைத்துவிட்டாள்.

வழி வேறு திசையிலிருந்து வந்தது, அதுவும் மின்சாரக் காற்றாடிக்காக. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைப்பவள் எல்ஸி. நாற்பத்தைந்து வயது. கேண்டீனில் காற்றாடி கெட்டுப்போய் வாரக்கணக்காயிற்று. ஒரு நாள் பத்தரை மணிக்குச் சட்டி பானை கழுவி முடித்துவிட்டு, நான்காம் ஆண்டு வாசலில் முகத்தைத் துண்டால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், செத்த நேரம் உங்க காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்குறேன் லா. தலை பெனிங்கா இருக்கு, சுத்துது."

"உக்காருங்கக்கா."

பலகையில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டல் கணக்காக நின்றது. தினேஸ்வரி வழக்கம்போலக் கோடு போட்டுவிட்டுப் பென்சிலை வைத்திருந்தாள். எல்ஸி எட்டிப் பார்த்தாள்.

"அட, இதுக்கா யோசிக்கிறே? மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சுல ரெண்டு! நானும் இந்த ஸ்கூல்ல நாலாம் ஆண்டு வரைக்கும் படிச்சவதான்."

பிரமிளா திருத்த வாயெடுத்தாள். அதற்குள் தினேஸ்வரி எல்ஸியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, வாயை மூடிக்கொண்டாள். பிள்ளை இதுவரை கண்டிராத ஒன்றை அங்கே கண்டுகொண்டிருந்தாள். சந்தோஷமாகத் தப்பு போடுகிற ஒரு ஆள்.

"இல்லக்கா" என்றாள் மெதுவாக. "அப்டி வராது."

"ஏன் வராது?"

ஏன் என்று இதுவரை யாருக்கும் தினேஸ்வரி சொல்ல வேண்டியிருந்ததில்லை. டீச்சருக்கு எல்லாம் முன்பே தெரியுமே. நெற்றியைச் சுருக்கினாள், பென்சிலை எடுத்தாள், வைத்தாள்.

"அக்கா, உங்க தட்டுல அரைத் தோசை இருக்கு. அதோட இன்னொரு துண்டும் வைக்கிறேன். இப்ப அரையை விட ஜாஸ்தி இருக்கணுமா, கொறைச்சலா?"

"ஜாஸ்திதான்."

"அஞ்சுல ரெண்டு அரையை விடக் கொறைச்சல் அக்கா. நீங்க தோசை வாங்கினப்புறம் இருந்ததும் கொறைஞ்சு போச்சு."

எல்ஸி விரலை மடக்கி யோசித்தாள். பிறகு மேசையில் ஓங்கி அடித்து வெடித்துச் சிரித்தாள். "அலாமா! வச்சதும் போய், இருந்ததும் போச்சா! இதைத்தான் அந்தக் காலத்துல எங்க வாத்தியார் ரோத்தான் பிரம்பால வெளுத்தாரு. தோசையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்குமே!"

தினேஸ்வரியும் சிரித்தாள். ஈப்போவிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். பிரமிளா பலகைப் பக்கம் திரும்பி, இல்லாத எழுத்தைத் துடைத்தாள். கண் கலங்கியது பிள்ளைக்குத் தெரிய வேண்டாமே.

மறுநாள் எல்ஸி தானாகவே வந்தாள். கேண்டீன் காற்றாடி ரிப்பேர் ஆன பிறகும் வந்தாள். பத்தரைக்கு மணி அடித்த மாதிரி, நாற்பது காசு நோட்டுப் புத்தகம் ஒன்றோடு. அவளுடைய தப்பில் நடிப்பு எதுவும் கிடையாது, எல்லாம் அசல் சரக்கு. கழிக்கும்போது கடன் வாங்க மறப்பாள். பூஜ்யத்தைத் தொலைப்பாள். தொலைத்துவிட்டு, "இப்பதான் இங்க வச்சேன், எங்க போச்சு?" என்று பாத்திரத்தைத் தேடுகிற மாதிரி தேடுவாள். அழிப்பான் அவளிடம் கிடையாது. தப்பின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்திலேயே மறுபடி போடுவாள். ஏன் அழிப்பதில்லை என்று தினேஸ்வரி கேட்டதற்கு, "அழிச்சா எங்க விழுந்தேன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றாள்.

தினேஸ்வரி எல்ஸிக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். சொல்லும்போதே தனக்கும் சில இடங்கள் அரைகுறை என்று கண்டுபிடித்து, "இருங்கக்கா, இது எனக்கே சரியாத் தெரியல" என்று டீச்சரிடம் வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு கேள்வியோடு எழுந்து வந்ததில்லை. ஒரு நாள் எல்ஸி உள்ளே வந்ததும் பலகை மூலையில் எண்ணிக்கை 2, வருகை 2 என்று மாற்றி எழுதினாள். பிரமிளா அதை அப்படியே விட்டுவைத்தாள்.

ஆனால் எல்ஸியைத் திருத்துவது ஒன்று, தன் விடையைப் பிடித்துக்கொள்வது வேறு. டீச்சர் பலகையில் போடுவதோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தினேஸ்வரி எதையும் நம்பவில்லை. பள்ளி ஆண்டு முடிய மூன்று வாரம்தான் இருந்தது. புனிதா மாற்றல் விண்ணப்பப் பாரத்தைக் கூட நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை மழை. இருநூற்று எழுபத்தெட்டை ஏழால் பெருக்க வேண்டும். மூவரும் தனித்தனியே போட்டார்கள். பிரமிளா பலகையில் போட்டு முடித்து 1944 என்று அடியில் கோடிழுத்தாள். எல்ஸி தலையைத் தூக்கி, "எனக்கும் அதேதான் லா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு!" என்று கை தட்டினாள். அவள் பலகையைப் பார்த்தே எழுதியவள், அது வேறு விஷயம்.

தினேஸ்வரி அசையவில்லை. தன் புத்தகத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். எல்ஸியின் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கை பென்சில் பெட்டிக்குள் போய் அழிப்பானை எடுத்தது. ஈப்போ மண்டபத்தில் பார்த்த அதே கை. பிள்ளை எங்கே தப்பு விட்டிருக்கிறாளோ, போய்ப் பார்க்கலாம் என்று பிரமிளா ஓரடி எடுத்து வைத்தாள்.

தினேஸ்வரி அழிப்பானைத் தாளின் மேல் வைத்தாள். உதடு அசைய ஏழாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். அழிப்பானைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினாள்.

"டீச்சர்."

"என்னம்மா?"

"உங்களோடதுதான் தப்பு." பென்சிலால் பலகையைக் காட்டினாள். "ஏழெட்டு அம்பத்தாறு. நீங்க அம்பத்து நாலு போட்டிருக்கீங்க."

பிரமிளா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். நாலு. பச்சையாக நாலு. காது வரை சூடேறியது. பல்கலைக்கழகம் வரை கணிதம் படித்து என்ன பயன், ஏழெட்டில் வழுக்கி விழுந்திருக்கிறாள்!

"ஆனைக்கும் அடி சறுக்கும் டீச்சர்" என்றாள் எல்ஸி பெருந்தன்மையாக.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வேணும்னு போட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. தெரியாம போட்டுட்டேன்."

பிள்ளை அந்த முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, டீச்சர் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, 1944-இன் மேல் ஒரு கோடு மட்டும் இழுத்து, பக்கத்தில் 1946 என்று எழுதினாள். அழிக்கவில்லை. "எங்க விழுந்தீங்கன்னு தெரியணும்ல" என்றாள்.

மறுநாள் காலை பிரமிளா வகுப்புக்குள் வந்தபோது, தினேஸ்வரி வலது மூலையில் எழுதிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை 3. வருகை 2.

"மூணாவது யாரும்மா?"

"நீங்கதான் டீச்சர். நேத்து நீங்களும் தப்பு போட்டீங்கல்ல, அதனால சேத்துக்கிட்டேன்." கடிகாரத்தைப் பார்த்தாள். "எல்ஸி அக்கா பத்தரைக்கு வந்ததும் வருகையையும் மூணாக்கிடுறேன்."

அடுத்த ஆண்டு இந்த மேசை காலியாக இருக்கும் என்று பிரமிளாவுக்குத் தெரியும். முப்பத்தைந்து பேருக்கு நடுவில் இந்தப் பிள்ளை தன் விடையோடு உட்கார்ந்திருப்பாள் என்பதும் இப்போது தெரியும். தலைமையாசிரியர் மகேந்திரன் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்து, "கணக்கு தப்பா இருக்கே டீச்சர்?" என்றார்.

பதில் தினேஸ்வரியிடமிருந்து வந்தது. "இல்ல சார். சரியாத்தான் இருக்கு."