பதில் வராமல் தூக்காதே

விடிந்தும் விடியாத நேரம். இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்புக் குழாய் தொட்டால் கை விறைத்தது. அணை கட்டுவதற்கு முன்னால் பாறையைத் துளைத்துப் பார்க்கும் எந்திரத்தின் குழாய் அது. வண்டி ஏறாத மலை. அதனால் நாங்கள் ஏறினோம். குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டு நாலு குறுக்குக் கட்டைகள். கட்டைக்கு இரண்டு பேராக எட்டுப் பேர், தோளில் மடித்த சாக்கு, வெறுங்கால். முன்னால் நடக்கிற மேஸ்திரி காலில் மட்டும் பூட்ஸ். அந்த மேஸ்திரி நான்தான். பூட்ஸ் வந்த கதையைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேஸ்திரி "தூக்கலாமா?" என்று கேட்பான். எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வாய்விட்டு "தூக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் சொல்லாவிட்டாலும் சுமை தரையில்தான். கயிறு சரியில்லையோ, காலடியில் கல் புரளுதோ, அவன் காரணம் சொல்லத் தேவையில்லை. அப்பன்மார் மரம் தூக்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

அன்று காண்ட்ராக்டர் அவசரத்தில் இருந்தார்.

"என்னய்யா இது, பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடற மாதிரி? எட்டுப் பேரும் உள்ளேன் ஐயா சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்."

"கேட்டுட்டுத்தான் தூக்கணுங்க."

"கேட்டல்ல? வேணாம்னு எவனாவது சொன்னானா? மௌனம் சம்மதம்னு சும்மாவா சொன்னாங்க? தூக்கச் சொல்லுய்யா!"

ஏழு குரல் வந்திருந்தது. எட்டாவது ஆள் என் மச்சான், அக்கா வீட்டுக்காரர். கடைசிக் கட்டையில் குனிந்து கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை உயர்த்தினேன். "ம், தூக்கு!"

முடிச்சு அவிழ்ந்தது. குழாயின் பின்முனை மச்சானின் வலது பாதத்தில் இறங்கியது. எல்லோரும் சேர்ந்து அதைப் புரட்டி எடுத்தார்கள். நான் பாதத்தைப் பார்க்கவில்லை. என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் பதில் சொல்லலையே மாப்ள," என்றார் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்புறம் ஏன் தூக்கச் சொன்ன?"

இதே தப்பை மூன்று மாதம் முன்னாலும் நான் செய்திருந்தேன். அணைக்குக் கடன் கொடுப்பது கடல் தாண்டியிருக்கும் ஒரு வங்கி. அணை வந்தால் எங்கள் பள்ளத்தாக்கு மொத்தமும், அக்கா வீடு உட்பட, தண்ணீருக்கடியில். தலைமுறை தலைமுறையாக ஒரே மண்ணில் வாழும் எங்களைப் போன்ற பூர்வகுடிகளிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கினால்தான் கடன் என்பது அந்த வங்கியின் விதி. நல்ல விதிதான். விசாரிக்க ஒரு அம்மா வந்தார். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது. இரண்டு பேச்சும் தெரிந்தவன் என்று காண்ட்ராக்டர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். மைதானத்தில் இருநூறு பேர்.

"இந்த அணைக்குச் சம்மதமான்னு கேளுங்க, சார்."

பிறந்ததிலிருந்து என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. உச்சி குளிர்ந்துபோனது. கேட்டேன். இருநூறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாய் திறக்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

காண்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார்.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லைங்கறாங்க," என்றேன், ஊருக்குப் புரியாத அந்த அம்மாவின் பேச்சில்.

யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதுதான் கேவலம். மறுவாரம் மேஸ்திரி வேலையும் பூட்ஸும் வந்தன. மலைக்குக் குழாய் வந்தபோது, "நாமதான் பதிலே சொல்லலையே, இது எதுக்கு வருது?" என்று ஊரே கேட்டது. "சும்மா பாறையைப் பாக்கறாங்க" என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

மச்சானுக்கு இரண்டு கால்விரல் போனது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அன்று மத்தியானம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து பழைய துணியைக் கட்டுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கிழிப்பதை நிறுத்தவில்லை.

"மைதானத்துல நாங்க யாரும் பதில் சொல்லலையே. நீ ஏன்டா தூக்கின?"

புருஷன் கேட்ட அதே கேள்வி. மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருக்குக்கா."

"நீ செத்துட்டா உண்மைய யாரு சொல்றது? நாளைக்கு அந்தம்மா திரும்ப வருதாமே? பொய் சொன்ன வாயாலயே போய்ச் சொல்லு. முதல்ல அந்த பூட்ஸைக் கழட்டு. என் வீட்டுக்குள்ள அதோடயே வந்து நிக்கற."

மறுநாள் விடியலில், குழாயைச் சுற்றி நின்ற ஏழு பேரிடமும் சொன்னேன். முன்கட்டையில் நிற்கும் குட்டையன் என் வெறுங்காலில் காறித் துப்பினான். துடைக்கவில்லை நான். "சரி, எப்பவும்போல கேளு," என்றான் அப்புறம். மச்சான் இடத்தில் எட்டாவது ஆளாக நானே தோளைக் கொடுத்தேன்.

வங்கி அம்மாவும் காண்ட்ராக்டரும் மேலேறி வந்தார்கள். நான் உரக்கக் கேட்டேன். "தூக்கலாமா?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்று காண்ட்ராக்டர் பாய்ந்தார். "தூக்குங்கடா!"

"ஏன் தூக்கல?" என்று தன் பேச்சில் என்னைக் கேட்டார் அந்த அம்மா.

"பதில் வரலைங்க. எங்ககிட்ட பதில் வரலைன்னா வேணாம்னு அர்த்தம். அன்னிக்கு மைதானத்துலயும் அதேதாங்க நடந்தது. யாரும் சம்மதிக்கல. உங்ககிட்ட நான் பொய் சொன்னேன்."

அந்த அம்மாவின் முகம் இறுகியது. வெகுநேரம் எழுதினார். "இதை அப்படியே மேல அனுப்பறேன். என்ன முடிவு எடுப்பாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இன்னிக்கே ஊரைத் திரும்பக் கூட்டுங்க. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு உங்க பேச்சு தெரியுமாமே, அவங்க கேட்டுச் சொல்லட்டும். நீங்க வேணாம்."

இந்தத் தடவை சார் இல்லை. நியாயம்தான்.

"உன் சீட்டு கிழிஞ்சது," என்றார் காண்ட்ராக்டர். "உங்க எல்லார் சீட்டும்தான். நாளைக்குக் கீழேயிருந்து வேற ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன் பாரு."

"கூட்டிட்டு வாங்க," என்றான் குட்டையன். "அவங்களுக்கும் தோளுதானே இருக்கு? கேட்டுட்டுத் தூக்கணும்னு நாங்க சொல்லிக் கொடுக்கறோம்."

குழாயை அங்கேயே போட்டுவிட்டு இறங்கினோம். மைதானத்துக்கு நானும் வந்தே தீருவேன் என்று மச்சான் ஒற்றைக் காலில் நின்றார். அவர் நிலைமையில் அதைச் சொல்லி அவரே சிரித்தார். கட்டிலோடு தூக்குவது என்று முடிவானது. தலைமாட்டில் குட்டையனும் இன்னொருவனும். கால்மாட்டில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா.

"தூக்கலாமா?"

"தூக்கலாம்," என்றான் குட்டையன்.

"தூக்கலாம்," என்றான் மற்றவன்.

"நான் சுமைதான், ஆனாலும் சொல்றேன், தூக்கலாம்," என்றார் மச்சான்.

அக்கா பதில் சொல்லவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மைதானத்தில் ஜனங்கள் சேரும் சத்தம் கேட்டது. வெறுங்காலில் சரளைக்கல் குத்தியது. நான் குனிந்த நிலையிலேயே காத்திருந்தேன். எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பேன்.

"தூக்குடா," என்றாள் அக்கா.

தூக்கினோம்.