இரண்டு கட்அவுட்டும் ஒரு மோட்டாரும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மின்சாரம் வருவது புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவது மாதிரி. எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்றும் தெரியாது. மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த காலம் அது. கரண்ட் இல்லாவிட்டால் போர் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குப் பூட்டுப் போடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் தலைமை ஆசிரியை அருள்மேரி டீச்சருக்கு முகம் சுண்டிப்போகும். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், பிடித்த பிடியை விடமாட்டார். யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்து மாடியில் சோலார் தகடுகள் போட வைத்துவிட்டார். பேட்டரி கிடையாது. வெயில் அடித்தால் மோட்டார் ஓடும், தொட்டி நிறையும், பூட்டைத் திறக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அறிவியல் வாத்தியாரான எனக்கும் அவ்வளவுதான். ஊருக்கு வேண்டியிருந்ததோ திறப்பு விழா.

குத்தாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் நெல்லிவெளியில் எதைத் திறந்தாலும் இரண்டு பேர் திறக்க வேண்டும். ஒருவர் குஞ்சிதபாதம், பழைய பண்ணை வீட்டுக்காரர். நிலம் பாதி உச்சவரம்பிலும் மீதி வழக்கிலும் போன பிறகும் 'ஐயா' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். இன்னொருவர் ரெத்தினம். அவருடைய அப்பா அதே பண்ணையில் கூலியாள். இவருக்கு இன்று சொந்த நிலமும் டிராக்டரும் இருக்கின்றன. ஒருவர் ஆளுங்கட்சி என்றால் மற்றவர் எதிர்க்கட்சி. தேர்தல் முடிந்ததும் ஆட்சி மாறும், இவர்கள் சண்டை மாறாது. பள்ளிக்கூடம் நிற்கும் இடத்தைத் தன் பாட்டனார் தானமாகக் கொடுத்தார் என்பார் குஞ்சிதபாதம். தானமாவது, எங்கப்பா கொடி நட்டு வாங்கிய இடம் என்பார் ரெத்தினம். பட்டா என்னவோ சர்க்கார் பேரில்தான் இருக்கிறது.

விழாவுக்கு முதல் நாள் குஞ்சிதபாதத்தின் கட்அவுட் எழுந்தது. தென்னை உயரம், கும்பிட்ட கை, மேலே ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குக் கட்சித் தலைவர். சாயங்காலத்துக்குள் அதன் பக்கத்தில் ரெத்தினத்தின் கட்அவுட் வந்துவிட்டது. கையைத் தூக்கி நின்றதால் அது கொஞ்சம் உயரம் கூடுதல். உடனே ஐயாவின் காலடியில் சவுக்குக் கழி கட்டி அவரை ஏற்றினார்கள். ரோடு தெற்கே இருப்பதால் இரண்டுமே தெற்கு மதிலோரம்தான் நின்றன. தை மாதத்துச் சூரியனும் தெற்கே சாய்ந்துதான் போகும்.

கட்அவுட் நிழல் நேராக மாடித் தகடுகள் மேல்தான் விழும். தனித்தனியே போய் இருவரிடமும் சொன்னேன்.

"நிழல்தானே சார்? புள்ளைங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கட்டுமே" என்றார் குஞ்சிதபாதம்.

"அவரை முதல்ல எடுக்கச் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் நான் எடுத்துடுறேன்" என்றார் ரெத்தினம். திரும்பப் போய்க் கேட்டால் ஐயாவும் அதையேதான் சொன்னார்.

விழாவன்று காலையில் யார் சுவிட்சைப் போடுவது என்று அடுத்த தகராறு. தகடு மாட்ட வந்திருந்த முகம்மது யூசுப், கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், இரண்டு சுவிட்சாக வைத்துவிட்டார். இரண்டையும் போட்டால்தான் மோட்டார் ஓடும். தவில் முழங்க ஆளுக்கொன்றைப் போட்டார்கள். மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது.

"அவரு சரியாப் போடல" என்றார் குஞ்சிதபாதம்.

"நான் ஒழுங்காத்தான் போட்டேன். ஐயாவுக்குத்தான் பழக்கமில்ல. எல்லாத்துக்கும் ஆள் வச்சிருந்தவரு" என்றார் ரெத்தினம்.

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் முனகல். யூசுப் மாடியைக் காட்டினார். தகடுகளின் மேல் ஒரு கும்பிட்ட கையும் ஒரு தூக்கிய கையும் கறுப்பாகப் படுத்திருந்தன. "கொஞ்சம் நிழல் விழுந்தாலே மொத்தமும் படுத்துடும்ங்க" என்றார் அவர்.

அருள்மேரி டீச்சர் மைக்கைப் பிடித்தார். "தயவுசெஞ்சு ரெண்டையும் இறக்கிடுங்கய்யா."

"முதல்ல அவரு." "முதல்ல அவரு." கூட்டமும் இரண்டாகப் பிரிந்து கத்தியது. கையில் கழிப்பறைச் சாவியோடு டீச்சர் அழுதேவிட்டார். எனக்கு அந்த இரண்டு கட்அவுட்டையும் கொளுத்தினால் என்ன என்று ஆத்திரம் வந்தது.

தான் கல்நெஞ்சன் இல்லை என்று காட்ட வேண்டும் என்று ஐயாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேடையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, வரிசையில் நின்ற தன் பேத்தி அம்சவல்லியைக் கூப்பிட்டார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"வெயில்ல வாடிப்போயிட்டியேம்மா. இந்தா, குடி."

"வேணாம் தாத்தா. வீட்டுக்கு வந்து குடிச்சுக்கிறேன்."

ரெத்தினம் விடுவாரா? "எங்க பாப்பா குடிக்கும் பாருங்க" என்று தன் பேத்தி வேம்புவிடம் இன்னொரு பாட்டிலை நீட்டினார். அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டா கண்ணு?"

"இங்க பொண்ணுங்க யாரும் குடிக்கமாட்டோம் தாத்தா. குடிச்சா போகணும்ல. அங்கதான் பூட்டிக் கெடக்கே." கொஞ்சம் நிறுத்தி, "போன மாசம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டீங்கள்ல, எதனாலன்னு நெனச்சீங்க?" என்றாள்.

தவில்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார்.

"நிறையத் தண்ணி குடிக்கணும்னு சார் பாடத்துல சொல்லலையா?" என்று ஐயா என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொன்னாரு. அதைப் பரீட்சையில எழுதிட்டோம். ஃபுல் மார்க்" என்றாள் அம்சவல்லி.

நான் மெல்ல யூசுப்புக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு முதலில் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரெத்தினம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மதிலோரம் போனார். ஐயா பின்னாலேயே போனார். முதல் நாள் ஏற்றிக் கட்டிய சவுக்குக் கழியில் முடிச்சு இறுகிக் கிடந்தது. ரெத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அவிழ்த்தார். "அந்தப் பக்கம் தாங்கிப் பிடிங்கய்யா. உங்க மூஞ்சி அடிபடாம இறக்குறேன்." ஐயா பிடித்தார். அடுத்து ரெத்தினத்தை இறக்கும்போதும் கால்மாட்டில் ஐயாதான் பிடித்தார். கை மரத்துப்போனதாக இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

போட்ட சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. கட்அவுட் தரையைத் தொட்டதும் மோட்டார் தானாகவே கிளம்பியது. தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் டீச்சர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார்.

கட்அவுட்டுகளை வீணாக்க மனமில்லாமல் வடக்கு மதிலோரம் வயலைப் பார்க்க நிறுத்தினார்கள். அங்கே கொக்குகள்தான் வாக்காளர்கள். ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே போய்விடுமே என்று நான் வாயெடுத்தேன். "சார், ஆனி வரட்டும்" என்று டீச்சர் அடக்கிவிட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் வேம்பு காலிச் சொம்போடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், பொண்ணுங்க குடிக்கிற பானையில தண்ணி தீர்ந்துபோச்சு."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பானை ஒரு நாளும் காலியானதில்லை. நானே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.